துண்டுக்கு அடியில்

வெள்ளைத் துண்டுதான், ஓரம் பழுப்பேறி, ஒரு முனையில் வெற்றிலைக் கறையோடு. தரகர் அதைத் தோளிலிருந்து உருவி, தன் வலது கையும் மாட்டுக்காரரின் வலது கையும் மறையும்படி போட்டார். போட்டதும் அவர் வாய் அடைத்துக்கொண்டது. அதுவரை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். இப்போது இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள். தரகர் கண் தூரத்து லாரி மேல். மாட்டுக்காரர் தன் மாட்டின் கொம்பை இன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். துண்டு மட்டும் லேசாக அசைகிறது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை காலை. வாரத்தில் செவ்வாயும் வியாழனும் கூடுகிற சந்தை இது. ஆந்திர, கர்நாடக மாடுகளும் வந்து இறங்கும். நிறைய மாடுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்கு லாரியேறும். நாலு மொழி புழங்குகிற இடம். துண்டுக்கு அடியில் எந்த மொழியும் கிடையாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் பற்றினால் ஐந்து. முதல் பிடி பத்தாயிரக் கணக்கு, அடுத்தது ஆயிரக் கணக்கு. 38,000 என்றால் முதலில் மூன்று விரல். பிறகு கை முழுதும் ஒரு பிடி, மறுபடி மூன்று விரல். சந்தைக்குச் சந்தை, ஆளுக்கு ஆள் பிடி கொஞ்சம் மாறும். ஆனால் பிடித்தது ஆயிரமா நூறா என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. எதிரில் நிற்பது கறவையா கன்றா என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. விரல் வழியே வருவது பாதிச் சேதிதான்; மீதி இருவர் தலைக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது.

கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் 1948-இல், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் போய்ச் சேர என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார். அனுப்புபவர், வழி, நடுவில் புகும் இரைச்சல், பெறுபவர் என்கிற அந்தப் படம் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1949-இல், இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அது ரகசியம் காப்பது பற்றி. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் முதல் கட்டுரையோடு நின்றுவிடுகின்றன. பொள்ளாச்சித் தரகர் இரண்டையும் ஒரே துண்டில் முடித்துக்கொள்கிறார். விலை இவருக்குப் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் பல் குத்திக்கொண்டு நிற்கிற ஆளுக்குப் போய்ச் சேரவே கூடாது. அதோடு, வாய்விட்டு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பத்துப் பேர் நடுவில் அதிலிருந்து இறங்கிவருவது மானப் பிரச்சினை. விரலால் சொன்னதை விரலாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பார்த்தவர் எவருமில்லை.

துண்டு விலகுகிறது. படியவில்லை. உடனே சத்தம் திரும்பிவிடுகிறது.

"பல்லு பாத்தீங்களா? நாலு பல்லுதானுங்க ஆகுது!"

"பல்லு கெடக்குதுங்க. மடியப் பாருங்க."

"மடிக்கென்னங்க? ரெண்டு நேரமும் பத்துப் பத்து லிட்டருங்க. பொய் சொல்லிப் பொழைக்கோணும்னு நமக்கில்லீங்க."

பத்து லிட்டரை அங்கே ஒருவரும் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. குறைத்துச் சொன்னால்தான் மாட்டுக்கு ஏதோ கோளாறு என்று ஆகிவிடும். விலையைத் தவிர மற்றதெல்லாம் உரக்கப் பேசப்படுகிறது: சுழி சுத்தம், இரண்டாம் ஈத்து, சாது, பெண்பிள்ளைகூடக் கறக்கலாம். கூட்டம் கேட்கிறது, தலையாட்டுகிறது, கலைகிறது. தரகர் மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சம்பந்தமே இல்லாமல் கேட்கிறார்: "உங்க பக்கம் மழை உண்டுங்களா?"

"எங்கீங்க, தூறலோட சரி."

சேதி சொல்வதற்காக இல்லாமல் ஒட்டுறவு விட்டுப்போகாமல் இருக்கவே மனிதர் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று 1923-இல் எழுதினார் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. பசிபிக் தீவுகளில் தங்கி ஊர்ப்பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர். இந்த மழைப் பேச்சுக்கு இங்கே கூடுதலாக ஒரு வேலை. பேரம் முறிந்தது என்ற சொல்லை எவரும் சொல்லிவிடாதபடி அது நேரத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது.

வாங்கப் போகிறவர் இதில் எதிலும் இல்லை. பத்தடி தள்ளி, மடித்துக் கட்டிய வேட்டியோடு, மாட்டைத் தனக்குப் பிடிக்கவேயில்லை என்ற முகத்துடன் நிற்கிறார். சற்று முன் மடியைக் கைபேசியில் நாலு கோணத்தில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். பதில் வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி, உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு மலையாளத்தில் பேசினார். இங்கே மலையாளம் தெரியாத தரகர் யார் இருக்கிறார்கள்?

மறுபடி துண்டு. இம்முறை மாட்டுக்காரர் மாட்டைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்து நிற்கிற மனைவியைப் பார்த்தார். அரை நொடி இருக்கும். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றி, மாட்டைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்துவிட்டது. தரகர் முனகினார், வானத்தைப் பார்த்தார், பத்தடி நடந்து வேட்டிக்காரரிடம் போனார், வந்தார். மூன்றாம் முறை துண்டு விழுந்தது. மறுபடி அரை நொடிப் பார்வை. அந்த அம்மாள் சுற்றிய கயிற்றை ஒரு சுற்று தளர்த்தி, மாட்டின் தாடையைச் சொறிந்துவிட்டார். கை உள்ளேயே இருந்தது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். 71-ஆவது அரசனை அண்டி இருப்பவர்களுக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. சந்தையில் கயிறு பிடித்து நிற்கிற பெண்டாட்டியை எந்த அதிகாரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. முடிவெடுத்தது அவர்; கை கொடுத்தது கணவர்; அந்த அம்மாள் பேசியதாக அங்கே யாரும் சாட்சி சொல்ல முடியாது.

பணம் வேட்டி மடிப்புக்குள்ளேயே கைமாறியது. பழைய கயிற்றை அவிழ்த்து மாட்டுக்காரர் தன் பையில் போட்டுக்கொண்டார். மாடு புதுக் கயிற்றில் நடந்தது. டீக்கடைக்காரர் கேட்டார், "எத்தனைக்குப் போச்சுங்க?"

"ஏதோ போச்சுங்க, கையக் கடிக்கல."

அதே ஆள் அடுத்த நிமிடம் தம்பிக்கு அடித்த போனில் 42,000 என்றார். லாரியில் மாட்டை ஏற்றும்போது வேட்டிக்காரர் டிரைவரிடம் 37,000 என்றார். நிஜ விலை துண்டோடு மடிந்து தரகர் தோளுக்குப் போய்விட்டது.

தரகர் இன்னும் கிளம்பவில்லை. மாட்டுக்காரரைப் புளியமரத்து ஓரம் கூப்பிட்டு, காதருகே குனிந்து, உங்களுக்காகத்தான் அந்த ஆளை ரெண்டாயிரம் ஏத்திவிட்டேன் என்றார். பிறகு லாரிப் பக்கம் போய், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, உங்களுக்காகத்தான் ரெண்டாயிரம் இறக்கிவிட்டேன் என்றார். இருவரும் தலையாட்டிவிட்டுத் தரகுப் பணத்தை எடுத்தார்கள்.