ஒளிவட்டம் இல்லாத ஓவியம்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர், 1658-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய சிறு படம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு முழம். அகலம் அதனினும் குறைவு. அதன் அச்சுப்படியை நாம் பார்க்குந்தோறும் ஒரே கேள்வி எழுகிறது: யார் இவள்? அரசியா? அல்லள். அணங்கா? அல்லள். அடுக்களையில் பால் ஊற்றும் பணிப்பெண்!

தனியே நிற்கிறாள். சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி; ஆணி பிடுங்கிய துளைகள். மேசைமேல் ரொட்டி. மடித்துவிட்ட சட்டைக்கைக்குக் கீழே கரங்கள் கன்றியிருக்கின்றன. மேலே தோல் வெளுத்திருக்கிறது. வெயிலும் வேலையும் எழுதிய வரலாறு அது! தலைக்குப் பின்னே ஒளிவட்டம் இல்லை. அவள்மீது படுவது வானத்து வரம் அன்று. சன்னல் வழியே வந்த பகல் வெளிச்சம். கன்னி மேரியின் ஆடைக்குப் பூசிவந்த விலையுயர்ந்த நீலக்கல் வண்ணத்தை, இவள் இடுப்பில் கட்டிய வேலைத்துணிக்குப் பூசினார் வெர்மீர்!

அந்நாளைய ஹாலந்து ஓவியங்கள் பலவற்றில் பணிப்பெண் என்றால் சோம்பேறி, அல்லது மயக்குக்காரி. இப்படத்திலும் சுவரடியில் பதித்த ஓட்டில் கியூபிட் என்னும் காதல் தேவனின் சிற்றுருவம் உண்டு. அதனைச் சுட்டி, இவள் நெஞ்சில் காதல் நினைவு என்பர் ஆய்வாளர் சிலர். இருக்கட்டுமே! ஊழியம் செய்பவளுக்கு உள்ளம் இருக்கக் கூடாதா? காதல் சீமாட்டிக்குச் சிறப்பு, வேலைக்காரிக்கு இழுக்கு என்பது எந்த ஊர் நீதி?

2022-இல் அருங்காட்சியகத்தார் கருவிகளால் ஆய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். அவள் தலைக்குப் பின்னால் குவளைகள் மாட்டிய பலகையையும், கீழே ஒரு கூடையையும் ஓவியர் முதலில் வரைந்து, பின்னர் வண்ணத்தால் மறைத்திருக்கிறார். ஏன் மறைத்தார்? நாம் கொள்ளும் பொருள் இது: காண்பவர் கண் பாத்திரங்களில் மேயாமல், பால் ஊற்றும் மனித உயிரிடம் நிலைக்கட்டும் என்று!

1696-இல் ஏலத்தில் இப்படம் 175 கில்டர் பெற்றது. படத்துக்கு விலை கிடைத்தது. படத்தில் நிற்பவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. உழைப்பு அழகென்று பாராட்டிவிட்டு, உழைப்பவரை மறப்பது உலக வழக்கம். தோழர்களே, அது நம் வழக்கமாக வேண்டாம். ஓவியத்தின் முன் வியந்து நிற்கும் நாம், அடுக்களையில் நிற்பவரின் பெயரையும் கூலியையும் ஓய்வையும் கேளாது போனால், நாம் கண்டது வண்ணத்தை, பெண்ணை அன்று!