சல்லிக் கரைக்கு ஒரு கணினி

விளையாட்டுக்கும் காணொளி வேலைக்கும் ஏற்ற கணினியைக் குறைந்த செலவில் பொருத்துவது எப்படி என்று கேட்டால் இன்று ஆயிரம் பேர் பட்டியல் தருவார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்துகொண்டு எழுதப்படும் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அந்தக் கணினி எந்த ஊரில், எந்த மின்சாரத்தில், எந்தக் காற்றில் இயங்கப்போகின்றது என்ற கேள்வி அவற்றில் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் பட்டியலின் வரிசையே மாறிவிடும். 2025 சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு சல்லியில் எனக்கு இது தெளிவாயிற்று.

சல்லியை அறியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போய், உப்புவெளி கடந்து, சாம்பல்தீவுப் பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் வரும் மீனவக் கிராமம் அது. கரையிலே முத்துமாரியம்மன் கோயில். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்த கரையோரங்களில் அதுவும் ஒன்று. அங்கே தொழில் செய்யும் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானம் படிக்கவேண்டும் என்பது அவனுடைய எண்ணம். அதற்கு முன்பே ஒரு கணினி வேண்டும் என்று வீட்டில் கேட்டான். கச்சான் காலத்து உழைப்பிலிருந்து ஒதுக்கியதும் சீட்டுக் காசுமாகத் தகப்பனிடம் இரண்டு இலட்சம் ரூபா இருந்தது.

"அண்ணன், விளையாடவா இவனுக்கு இரண்டு இலட்சம்?" என்று தம்பி என்னிடம் கேட்டார்.

"பெரியப்பா, கேம் ஓடுற மெஷினிலதான் வீடியோவும் எடிட் செய்யலாம். அதை நீங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கோ" என்றான் மகன்.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. பையன் சொன்னதில் பொய்யில்லை. ஒரு முப்பரிமாண விளையாட்டை நிமிர்ந்து ஓட்டக்கூடிய கணினி, திருமண வீட்டுக் காணொளியையும் வெட்டித் தொகுக்கும். மென்பொருள் எழுதப் பழகுபவனுக்கும் போதும். இரண்டுக்கும் வேண்டியது வேகமான புரொசஸர், போதிய நினைவகம், கடதாசிக் கணக்கில் மட்டுமல்லாமல் உண்மையிலேயே விரைவான சேமிப்பகம். தகப்பனின் கேள்வியின் உட்பொருள் வேறு. இந்தப் பெட்டி ஒரு வருடத்தில் எரிந்துபோனால் இன்னொன்று வாங்கக் காசில்லை என்பதே அது. பட்டியல் எழுதும்போது முதலில் பதில் சொல்லவேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். பத்திரிகை அலுவலகத்தில் பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன். ஆனாலும் ஒரு கூற்றை இரண்டு இடங்களிலாவது விசாரிக்காமல் நம்புவதில்லை என்ற பழக்கம் உண்டு. விலைப்பட்டியலை வாசிக்க அது பெரிதும் உதவுகின்றது. கடைக்காரர் எழுதித் தந்ததைவிட எழுதாமல் விட்டதில்தான் செய்தி இருக்கும்.

முதலில் கிடைத்த பட்டியலில் "கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 2 ஜிபி விஜிஏ" என்று இருந்தது. விலையோ கவர்ச்சியானது. எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று மட்டும் எழுதப்படவில்லை. இதை உதாரணத்தோடு பார்ப்போம். இன்டெல்லின் ஐ7-2600 வெளிவந்தது 2011 இல். ஐ3-12100 வெளிவந்தது 2022 இல். இரண்டிலும் நான்கு கோர்கள், எட்டுத் திரெட்கள். பெயரிலே பெரியது முன்னது. வேகத்திலே மிகப் பெரியது பின்னது. பதினொரு வருட இடைவெளியை ஓர் இலக்கம் மறைத்துவிடுகின்றது. இலக்கம் முழுமையாக எழுதப்படாத புரொசஸரை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்பது முதல் விதி.

அடுத்து வந்தது பழைய அலுவலகக் கணினி. வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட மெல்லிய பெட்டிகள் கப்பலில் வந்து மலிவாக விற்கப்படுகின்றன. கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் அவை அருமையானவை. ஆனால் இந்தப் பையனின் தேவைக்கு அவற்றில் இரண்டு இடர்ப்பாடுகள். பெட்டி மெல்லியதாகையால் வழமையான அளவுள்ள கிராபிக்ஸ் கார்ட் உள்ளே போகாது. பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், பழுதானால் வேறொன்றை மாட்ட இயலாது. இரண்டாவது, விண்டோஸ் 10 இற்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்துவதாக மைக்ரோசொப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது, அவ்வாறே நிறுத்தியும்விட்டது. விண்டோஸ் 11 ஐ உத்தியோகபூர்வமாக ஏற்பவை, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே. நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் மலிந்து கிடப்பதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே புதிதாகப் பொருத்துவது என்று முடிவாயிற்று. பையனின் பட்டியலில் முதலிடம் கிராபிக்ஸ் கார்டுக்கு. காசின் பெரும்பகுதியை அது விழுங்கிவிட, பவர் சப்ளைக்கு மிஞ்சியது சில்லறை. அவனுக்கு விளக்க நான் அவனுடைய தகப்பனைத்தான் உதவிக்கு அழைத்தேன். "கையில் இருக்கும் காசு முழுவதையும் கொட்டிப் பெரிய எஞ்சின் வாங்கிவிட்டு, கிழிந்த வலையோடு கடலுக்குப் போவாயா?" என்று கேட்டேன். தம்பி சிரித்தார். படகு, எஞ்சின், வலை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்கவேண்டும் என்று மகனுக்கு அவரே சொன்னார். எஞ்சினைப் பிறகு மாற்றலாம், படகை மாற்றுவது இலேசல்ல என்றும் சொன்னார். கணினியைப் பற்றி அன்று பேசப்பட்டவற்றில் அதுவே மிகச் சரியான வசனம். பின்னர் சேர்க்கக்கூடியதைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். பின்னர் மாற்றக் கடினமானதையும் மற்றவற்றைக் காப்பதையும் முதலில் வாங்கவேண்டும்.

அந்தக் கணக்கில் தெரிவானது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. 2021 இல் சந்தைக்கு வந்த இந்தப் புரொசஸரில் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள்; கிராபிக்ஸ் வசதியும் அதனுள்ளேயே இருக்கின்றது. வெளியே தனிக் கார்ட் இல்லாமலே வலோரன்ட் போன்ற விளையாட்டுகளை முழு எச்டி திரையில் தாராளமாக ஓட்டும். ஜிடிஏ 5 ஐயும் அமைப்புகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் விளையாடலாம். மிகப் புதிய, பாரமான விளையாட்டுகள் ஓடா. இதைப் பையனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவனுடைய முகம் வாடியது உண்மைதான். மதர்போர்டில் நீளமான ஒரு துளை கிராபிக்ஸ் கார்டுக்காகக் காத்திருக்கும், உழைத்து வாங்கிக்கொள் என்றேன். இன்னொரு நுணுக்கத்தையும் அவனே கண்டுபிடித்தான். 5600ஜி, பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகின்றது. நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவுக் கார்டுகளை இதில் மாட்டினால் அவற்றின் வேகம் குறைந்துவிடும். பின்னாளில் கார்ட் வாங்கும்போது எட்டோ பதினாறோ பாதைகள் உள்ளதையே தேடவேண்டும்.

நினைவகத்தில் ஒரு நுட்பம் உண்டு. 16 ஜிபி வேண்டும் என்று முடிவானால், 16 ஜிபி ஒன்றை வாங்காமல் 8 ஜிபி இரண்டை வாங்கவேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் கிராபிக்ஸ் பகுதியும் இதே நினைவகத்தையே பகிர்ந்துகொள்கின்றது. இரண்டு ரேம் இரண்டு வழியாகத் தரவை அனுப்பும்போது விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். கூடுதல் செலவு மிகச் சிறியது. மேலும் இரண்டு ரேமுக்கு இடம் விட்டு, நான்கு துளைகள் உள்ள மதர்போர்டை எடுத்தோம். சேமிப்பகத்துக்கு 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி. காணொளிகளைக் குவித்துவைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வீட்டில் கிடந்தது, அதையும் மாட்டிக்கொண்டான்.

இனி மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டோடு வாழ்ந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கைக் கண்டு உலகமே சிரித்தது. ஆனால் கணினிக்கு மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணமே ஆபத்தானது. மாலையில் மின்குமிழ் மங்கி மங்கி எரியும் கடைசி வீடுகளில் இது அன்றாடப் பிரச்சினை. கேசிங் வாங்கினால் கூடவே வரும் "500 வாட்" பவர் சப்ளையைத் தூக்கிப் பார்த்தால் பஞ்சுபோல இருக்கும். நாங்கள் 80 பிளஸ் சான்றும் பல வருட உத்தரவாதமும் உள்ள 550 வாட் பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வாங்கினோம். அந்தச் சான்று மின்சாரத்தை வீணாக்காமையைப் பற்றியதே. முழுத் தரத்துக்கும் பொறுப்பேற்காது. அதனால்தான் உத்தரவாதத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அதோடு ஒரு யூபிஎஸ். 650 விஏ என்று பெட்டியில் போட்டிருப்பது 650 வாட் அல்ல. பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரையே தரும். தனிக் கார்ட் இல்லாத இந்தக் கணினிக்கு அது போதும். விளையாட்டைத் தொடர்வதற்கல்ல, செய்த வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கே அந்தச் சில நிமிடங்கள். இதற்கு முன்பே செய்யவேண்டிய ஒன்று உண்டு. சுவரில் உள்ள பிளக்கில் எர்த் வேலை செய்கின்றதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்தோம். கேசிங்கைத் தொட்டால் கை சிலிர்க்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அதைக் கணினியின் குணம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து.

கடற்காற்றை மறக்கமுடியாது. உப்பும் ஈரமும் செம்பு இணைப்புகளை மெல்ல அரிக்கின்றன. கண்ணாடிப் பக்கமும் ஆறு வண்ண விசிறிகளும் கொண்ட கேசிங்கில்தான் பையனுக்கு ஆசை. விசிறி கூடக்கூட உப்புக் காற்றும் கூடத்தான் உள்ளே போகும் என்று சொல்லி, தூசி வலையும் இரண்டு விசிறியும் உள்ள எளிய பெட்டிக்கு அவனை இணங்கவைத்தோம். கணினி கடற்பக்க யன்னலுக்கு எதிர்ச் சுவரோரம், தரையில் அல்லாமல் மேசைமேல் இருக்கின்றது. நாள்தோறும் சற்று நேரமாவது இயங்கி உள்ளே சூடு இருப்பது நல்லது. வாரக்கணக்கில் மூடிக் கிடப்பதே கெடுதல். கரைக்கு வந்ததும் எஞ்சினை நன்னீரால் கழுவும் தகப்பனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எங்கே வாங்குவது? கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு பொருள் பழுதானால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய்வர வேண்டும். ஒரு நாள் தொழிலும் பஸ் காசும் அதில் போய்விடும். ஆகவே பழுதாக வாய்ப்புள்ள பவர் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் திருகோணமலை நகரிலேயே, முத்திரையிட்ட பற்றுச்சீட்டோடு வாங்கினோம். மற்றவை கொழும்பிலிருந்து வந்தன. எல்லாவற்றோடும் 22 அங்குலத் திரையையும் சேர்த்தபோது கையில் எஞ்சியது சில ஆயிரம் ரூபா. விசைப்பலகையும் மவுசும் அதற்குள் முடிந்தன.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஊருக்கு வரும்போது கிராபிக்ஸ் கார்ட் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல மனம் உங்களுக்கு இருக்கலாம். அங்கே வாங்கியதற்கு இங்கே பெரும்பாலும் உத்தரவாதம் செல்லாது என்பதை அறிந்துகொண்டு செய்யுங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. மலிவான பழைய கார்ட் வாங்குவோர் அதன் வரலாற்றையும் விசாரிக்கவேண்டும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பழைய பவர் சப்ளையின் பின்புறம் சிவப்பு நிறச் சுவிட்ச் இருந்தால், அது 230 இல் இருக்கின்றதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகவேண்டாம்.

நாங்கள் வாங்கிய சில மாதங்களில் நிலைமை மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்ள, 2025 இன் பிற்பகுதியில் ரேம் விலை எகிறியது. குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தைக் கைவிடுவதாக டிசம்பரில் மைக்ரோன் அறிவித்தது. அதே பட்டியலை அதன் பின்னர் எழுதியிருந்தால் ரேமை 8 ஜிபி ஒன்றோடு தொடங்கி, மற்றதைப் பிறகு சேர்க்கச் சொல்லியிருப்பேன். பவர் சப்ளையிலும் யூபிஎஸ்ஸிலும் ஒரு ரூபாவையும் குறைக்கச் சொல்லியிருக்கமாட்டேன்.

கிராபிக்ஸ் கார்டின் துளை இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. பையன் உறவினர் வீட்டுப் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழாக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுத்துச் சிறிது சிறிதாகக் காசு சேர்க்கின்றான். இரவில் விளையாடவும் செய்கின்றான். தகப்பன் இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை. மின்சாரப் பட்டியல் வரும் நாளில் மட்டும் கேட்கின்றார்.