தையல்கார அக்கா கேட்ட கேள்வி

சித்திக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னவர் வைத்தியர் இல்லை, பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அக்கா. "என்னக்கா இது, உடம்புப் பக்கம் பிரிச்சுவிடச் சொல்றீங்க, கைப் பக்கம் பிடிச்சுத் தைக்கச் சொல்றீங்க. உடம்பு ஏறினா கையும் சேர்ந்துதானே ஏறும்?" என்று கேட்டாராம். சித்தி சிரித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் அதைச் சொன்னபோது நாங்களும் சிரித்தோம்.

செட்டிக்குளம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர் சித்தி. அந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. முகம் உருண்டு கன்னம் சிவந்ததைப் பார்த்தவர்கள், "கையில காசு நின்னா முகத்துல தெரியத்தானே செய்யும்" என்றார்கள். ஆறு மாதத்தில் பேச்சு மாறியது. "வாயைக் கட்டு" என்றார்கள். சித்தி ராத்திரிச் சோற்றையே விட்டுவிட்டார். வயிறு குறையவில்லை. சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, இரண்டுக்கும் தனித்தனியாக மாத்திரை வந்தது. முப்பத்தாறு வயதில் மாதவிலக்கு நின்றதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

வெங்காயக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிந்து குவிப்பார்கள். அங்கிருந்து எழுந்திருக்க சித்தி ஒரு கையைத் தரையில் ஊன்றினார், மறு கையை முழங்காலில் வைத்தார், முடியாமல் பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்தார். "சோம்பல்" என்ற சொல் அன்று என் வாயிலிருந்தும் வந்தது. அதை நான் மறக்கப்போவதில்லை.

திருச்சியில் ஓர் இளம் மருத்துவர்தான் ரேஷன் கார்டில் இருந்த போட்டோவை வாங்கி, சித்தியின் முகத்தருகே பிடித்துப் பார்த்தார். பிறகு முதல் கேள்வியாக, "மூட்டு வலிக்கோ வீசிங்குக்கோ கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இப்படி முகம் வீங்கி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வெளியிலிருந்து போன ஸ்டீராய்டுதான். வலி உடனே நிற்கிறது என்று சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது: பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சித்தி எதுவும் சாப்பிட்டதில்லை. சரக்கு உள்ளேயே உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. மூளைக்கு அடியில், மூக்கின் பின்புறம், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம்தான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு, கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுர என்று அது உத்தரவு அனுப்பும். விடியற்காலையில் கார்ட்டிசால் ஏறும், நடு ராத்திரியில் இறங்கிவிடும். பிட்யூட்டரியில் அந்த உத்தரவைத் தானே அனுப்பும் ஒரு சிறு கட்டி வந்துவிட்டால் உத்தரவு நிற்பதே இல்லை, ராத்திரியிலும் இறங்காது. சித்தி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். அளவுக்கு மீறிய கார்ட்டிசால் கைகால் சதையைக் கரைக்கும். முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். ரவிக்கையின் உடம்பு இறுகிக் கை தொளதொளத்த கணக்கு அதுதான்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் வெளியிட்ட நூலில் இதே கோலத்தில் இருந்த 23 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். 1932-இல் பன்னிரண்டு பேரின் கதையைச் சேர்த்து வைத்து, பிட்யூட்டரிக் கட்டிதான் காரணம் என்று வாதிட்டார். அவரிடம் கொஞ்ச காலம் பயிற்சி பெற்றவர் வைல்டர் பென்ஃபீல்ட். பென்ஃபீல்டிடம் மான்ட்ரியாலில் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. அந்தச் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். சித்தியின் சிகிச்சைக்காக நாங்கள் வேலூருக்கு பஸ் ஏறியபோது இதெல்லாம் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பயணம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும் நோய் இது என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர், அரியலூர் இரண்டும் சேர்ந்து 13 லட்சம் பேர். அப்படியானால் வருஷத்துக்கு ஒருவராவது இரண்டு பேராவது இங்கேயே எங்கோ "வாயைக் கட்டு" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை, காலை எட்டு மணிக்கு ரத்தம். நல்ல உடம்பாக இருந்தால் கார்ட்டிசால் அடங்கிவிடும். 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும் உண்டு. கேனைத் துண்டால் சுற்றி, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று சித்தி மார்போடு அணைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூக்கின் வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தெளிந்துவிடுவார் என்று நினைத்திருந்தோம். சித்தியோ மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். மூட்டெல்லாம் வலி, எதிலும் பிடிப்பில்லை. ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று உறவில் பேசினார்கள். கார்ட்டிசால் அடிமட்டத்துக்கு இறங்கியிருப்பது நல்ல சகுனம், சுரப்பியின் நல்ல பகுதி விழித்துக்கொள்ள நாளாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசிக்கு ஓட வேண்டும். எல்லாவற்றையும் சித்தப்பா ஒரு அட்டையில் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அடுத்த வெங்காயக் காலம் முடிந்து சித்தி பெரம்பலூருக்குத் தனியாகவே பஸ்ஸில் போனார், அதே ரவிக்கையை எடுத்துக்கொண்டு. தையல்கார அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் புஜத்தைச் சுற்றி அளந்து, பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கை அரை அங்குலம் ஏறியிருக்குக்கா."