நல்ல கால்தான் இப்ப நோகுது

“உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ அம்மா?”

கிளிநொச்சி மாவட்டத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றின் இயன்மருத்துவப் பிரிவு. புதிதாக வருகிற எவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இங்கே இயந்திரத்தின் சுவிட்சைப் போடுவதில்லை. கேட்டவருக்கு முப்பது வயது இராது. ‘பிசியோ மிஸ்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைக் கழுத்தை விலக்கி, தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினார். “இதுக்குள்ள ஒண்டு கிடக்கு பிள்ளை. எடுக்கத் தேவையில்லை எண்டு அப்பவே டொக்டர்மார் விட்டிட்டினம். மாரி வந்தால் குத்தும்.”

பீஸ் என்றால் ஷெல் சிதறல். 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. வன்னியில் நடுத்தர வயதைத் தாண்டிய பலரின் எக்ஸ்ரேயில் இன்றைக்கும் எலும்புகளுக்கிடையே வெள்ளைப் புள்ளிகள் ஒன்றிரண்டு விழுகின்றன. நாரிப் பிடிப்புக்கும் மூட்டு நோவுக்கும் வெப்பம் கொடுக்கும் ‘ஷோர்ட் வேவ் டயதெர்மி’ என்ற பழைய இயந்திரம் 27.12 மெகாஹேர்ட்ஸ் அலையைச் சதைக்குள் இறக்கி, உள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது. போகும் வழியில் உலோகம் கிடந்தால் சூடு அங்கே குவிந்து சுற்றியுள்ள சதையைச் சுட்டுவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பும்போதும் இதே கவலைதான்: காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு அசையக்கூடும். ஆகவே வேறு ஊரில் படிவத்தில் ஒரு கோடாக முடிந்துபோகும் விசாரணை, இங்கே தழும்பைத் தடவிப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

அம்மா வந்ததோ நாரி நோவுக்கு. “எனக்கு ஒருக்காக் கரண்ட் பிடிச்சு விடுங்கோ மிஸ். போன முறை பிடிச்சவை, ரெண்டு நாள் சுகமா இருந்தது.” கரண்டுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. வயர் ஒட்டி, பெட்டி கீச்சிட்டு, தசை துடித்தால்தான் வைத்தியம் நடந்ததாக ஒரு திருப்தி. அதோடு இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றும் கட்டியிருந்தார்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சியையும், நோவைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் அது ஆதரிக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோலில் மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் ஆகியவற்றை வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. உலகத்தில் 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு நோவோடு இருந்ததாக ஒரு மதிப்பீடு. அத்தனை பேருக்கும் பெட்டி வாங்கிக் கட்டுப்படியாகாது என்பது ஒருபுறம். பெட்டியால் பெரிய பலனில்லை என்பதுதான் முக்கியம்.

இதை நாரி நோகிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது? பிசியோ மிஸ் சொல்லவேயில்லை. அம்மாவை எழுப்பி நிறுத்தினார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். மேசைக்குக் கீழிருந்த வாளியைத் தூக்கச் சொன்னார். அம்மா முழங்காலை மடக்காமல், மூச்சையும் பிடித்துக்கொண்டு, வெடுக்கென்று தூக்கினார்.

“வீட்டில கிணறோ, குழாயோ?”

“கிணறு. மோட்டர் பழுது. கயித்திலதான் இழுக்கிறது.”

“ஒரு நாளைக்கு எத்தினை வாளி?”

“ஆர் பிள்ளை எண்ணினது? மாட்டுக்கும் வேணும், மிளகாய்க்கும் வேணும்.”

கிணற்றுக்கட்டின் உயரம், எந்தக் கை மேலே பிடிக்கும், நிறைந்த வாளியை எந்தப் பக்கம் திரும்பி இறக்குவார் என்று பேச்சு நீண்டது. பிறகு கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருப்பது பத்து முறை. அதுவே முதல் பயிற்சி. வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவது, தூக்கும்போது மூச்சை விடுவது, திரும்பும்போது நாரியை முறுக்காமல் பாதத்தையும் சேர்த்துத் திருப்புவது இரண்டாவது. கடைசியில் ஐந்து நிமிடம் சூட்டு ஒத்தடமும் கிடைத்தது, அம்மாவின் மனந்திருப்திக்காக. சூட்டு ஒத்தடம் நாரியைக் குணமாக்காது என்று வாதாடலாம். பஸ் ஏறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது என்பதும் இந்தத் தொழிலுக்குள் அடக்கம்.

போகும்போது இன்னொரு கேள்வி. “என்ன குளிசை போடுறீங்கள்?” அம்மா பையைத் திறந்து, கடையில் கேட்டு வாங்கிய டைக்குளோபினாக் அட்டையை எடுத்தார். தினமும் ஒன்று, நோ கூடினால் இரண்டு. பிசியோ மிஸ்ஸின் முகம் மாறியது அப்போதுதான். காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு வவுனியாப் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, அதன் மேல் இந்த வகை நோக்குளிசையை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் தாங்காது. டொக்டரிடம் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் சைக்கிள் திருத்துகிறவர். 2009இன் தொடக்கத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவருடைய குறை அந்தக் காலைப் பற்றியதே அல்ல. “நல்ல கால்தான் இப்ப நோகுது தங்கச்சி” என்றார்.

வன்னியின் இன்றைய பிரச்சினை ஒன்று இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் ‘வெண்புறா’ நிறுவனம் செயற்கைக் கால் செய்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. 2010இல், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த மெனிக் பாமில், இந்தியாவின் உதவியோடு செயற்கைக் கால் பொருத்தும் பெரிய முகாம் நடந்தது. ஜெய்ப்பூர் காலின் கதையும் சுவையானது. 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம். வயற்காரனுக்கு ஏற்ற கால். கால் கொடுப்பதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். அந்தக் காலோடு ஒருவர் பதினைந்து, பதினாறு வருடம் நடந்தால் மற்றக் காலுக்கு என்ன நடக்கும் என்று பேசியவர்கள் குறைவு. ஒரு பக்கம் கால் இழந்தவர்களுக்கு எஞ்சிய காலின் முழங்காலில் தேய்வும், நாரியில் நோவும் மற்றவர்களை விட அதிகம் வருகின்றன. இருபத்தைந்து வயதில் காயப்பட்டவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்.

பிசியோ மிஸ் அவரை நிற்க வைத்து, பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் தட்டையாக வைத்துப் பார்த்தார். இடது கை சற்றுக் கீழே நின்றது. செயற்கைக் கால் பழசாகி, அடி தேய்ந்து உயரம் குறைந்துவிட்டது. வெட்டுப்பட்ட காலின் மிச்சமும் மெலிந்து அதன் குழிக்குள் ஆடுகிறது. அந்த மிச்சக் காலுக்கு மேலே துணி உறை இன்னொன்று போடச் சொன்னார். அடியின் உயரத்தைச் சரிசெய்யக் கால் செய்யும் பட்டறைக்குக் கடிதம் எழுதினார். அதோடு விடவில்லை.

“ராவில சலம் போக எழும்பினால் காலைப் போட்டுக்கொண்டே போறனீங்கள்?”

“இல்லை. அதைப் பூட்டிக் கழட்ட ஆரால ஏலும்? கெந்திக் கெந்திப் போட்டு வருவன்.”

“அண்ணை, அந்தக் கெந்தல்தான் முழங்காலைத் தின்னுது.”

ஒற்றைக் காலில் ஒவ்வொரு முறை கெந்தும்போதும் முழு உடம்புப் பாரமும், அதற்கு மேலும், அந்த ஒரு மூட்டில் விழுகிறது. கட்டிலோரம் ஊன்றுகோல் ஒன்று சாத்திவைத்தால் தீருகிற விஷயம். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்து அழுத்தும் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. பக்கத்துக் கட்டிலில், நீரிழிவால் அண்மையில் கால் எடுத்த பெரியவருக்கு கிறேப் பாண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நுனியிலிருந்து தொடங்கி எட்டுப் போல் குறுக்கும் மறுக்குமாக, நுனியில் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. வளையம் வளையமாகச் சுற்றினால் இரத்தம் தேங்கி நுனி குமிழ்போல் வீங்கிவிடும். பிறகு எந்தக் காலும் பொருந்தாது. மகன் மூன்று முறை அவிழ்த்துச் சுற்றிப் பழகினார். இல்லாத பெருவிரல் கடிக்கிறது என்று பெரியவர் முறையிட்டார். அதற்கும் வழியுண்டு: இருக்கிற காலைக் கண்ணாடியில் பார்த்து அசைத்து, மூளைக்கு இரண்டு கால் இருப்பதாகக் காட்டுவது. 1990களில் இதை முதலில் செய்துகாட்டியவர் வி.எஸ். இராமச்சந்திரன் என்ற தமிழர். கண்ணாடி வைத்தியம் எல்லோருக்கும் கைகொடுக்காது. கைகொடுத்தவர்களிடம் குளிசை குறைகிறது.

பெரியவரைக் கவனித்தவர் தென்பகுதியிலிருந்து வந்த சிங்கள இளைஞர். இலங்கையில் இயன்மருத்துவப் படிப்பு 1957 முதல் கொழும்பில் நடக்கிறது. பிறகு பேராதனை முதலான பல்கலைக்கழகங்களிலும் பட்டமாக வந்தது. படித்துத் தேறியவர்கள் எங்கெங்கோ நியமனம் பெறுகிறார்கள். “மடக்குங்கோ, நீட்டுங்கோ, மூச்சு விடுங்கோ, நோகுதா?” இந்த நான்கையும் அவர் அச்சுப் பிசகாத வன்னித் தமிழில் சொன்னார். ஐந்தாவது வசனத்துக்கு மட்டும் பிசியோ மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

தனியாகப் பார்க்க வேண்டியவர்களுக்கான திரைச்சீலைக்கு அப்பால், இதையெல்லாம் பார்த்து எழுத வந்த எனக்கு அனுமதியில்லை. அங்கே நடக்கும் வேலையைப் பற்றிப் பிசியோ மிஸ் வெளியே வந்து சொன்னதைத்தான் எழுத முடியும். நாரி நோவு என்று வருகிற பெண்களில் சிலருக்கு நாரி வெறும் முகாந்திரம். நோவைப் பற்றிப் பேசி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கதவடி வரை போய், திரும்பி வந்து மெதுவாகச் சொல்வார்களாம்: “இருமினால் சலம் போகுது பிள்ளை.” அல்லது, “கீழ ஏதோ இறங்கிற மாதிரி இருக்கு.” எத்தனை வருடமாக என்று கேட்டால், கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்பார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஏ.எல். படிக்கும்.

காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்தடுத்த பிரசவங்கள், அவற்றில் சில இடம்பெயர்வுக்கு நடுவே. பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்கு முன் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும். அடுப்புப் புகையால் தீராத இருமல். மலச்சிக்கல். வயலில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்; அதனால் சலம் செறிந்து எரிந்து, அவதி இன்னும் கூடுகிறது.

இடுப்புக் கூட்டின் அடித்தளத்தில் தொட்டில்போல விரிந்திருக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கேகல் 1948இல் எழுதினார். இன்றைய வழிகாட்டுதல்கள் அறுவைச் சிகிச்சைக்கு முன் இதைத்தான் சொல்கின்றன: ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்கித் தளர்த்துவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். பார்க்க முடியாத தசையைச் சொல்லால் காட்டுவதுதான் கஷ்டம். “காத்துப் போகாமல் அடக்கிற மாதிரி இறுக்குங்கோ, அப்பிடியே மேல இழுங்கோ, வயித்தை எக்காதேங்கோ, கதைச்சுக்கொண்டு செய்யுங்கோ” என்பது பிசியோ மிஸ்ஸின் வாய்பாடு. கதைத்தால் மூச்சைப் பிடிக்க முடியாது. தும்மல் வருவதற்கு முன் ஒருமுறை இறுக்கிக்கொள்ளவும் பழக்குகிறார். பலர் முதல் தடவையில் குண்டித் தசையைத்தான் இறுக்குவார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுப் பெண்களைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் தேடிப்போய் அழைக்கிறார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் மார்புக்கும் பரிசோதனை நடக்கும் அந்த மேசையில் ‘இருமினால் சலம் போகுதா’ என்ற ஒரு கேள்வியையும் தவறாமல் சேர்த்தால் கதவடியில் தயங்கும் கூட்டம் குறையும் என்பது என் எண்ணம். 2024 மே மாதத்தில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய பெண்கள் நலச் சிறப்பு மையம் கிளிநொச்சியிலும், புனர்வாழ்வு மையம் மாங்குளத்திலும் திறக்கப்பட்டன. கட்டடம் வந்திருக்கிறது. கேள்வி கேட்கிற ஆள் போதுமான அளவு வர வேண்டும்.

ஆண்களும் இதே திரைக்குப் பின்னால் வருகிறார்கள், அதிகமும் முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்கள். மாங்குளத்தில் அவர்களே கூடி நடத்தும் ‘உயிரிழை’ என்ற அமைப்பு இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனவரைக் கொல்வது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தே பலரைப் பிழைக்க வைத்தார். 1972இல் லாப்பிடஸ் என்ற அமெரிக்க வைத்தியர், முழுக் கிருமிநீக்கம் இல்லாமல் சுத்தமான கையோடும் குழாயோடும் நோயாளியே நேரத்துக்கு நேரம் சலத்தை வெளியேற்றலாம் என்று காட்டினார். கொட்டில் வீட்டிலும் செய்யக்கூடிய வைத்தியம் இது. சவர்க்காரமும் கைகழுவத் தண்ணீரும் வேண்டும். ஆவணி வெயிலில் கிணறு அடி தெரிகிற ஊரில் அந்த இரண்டாவது பொருளுக்காக பிரதேச சபையின் பவுசரைப் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது.

பின்னேரம் மல்லாவிப் பக்கத்து வீடொன்றுக்குப் போனோம். பாரிசவாதம் வந்த ஐயா ஒருவர். நடக்கத் தொடங்கிவிட்டார், ஆனால் குந்த முடியாது. வீட்டிலிருப்பதோ குந்தும் மலகூடம். கொமோட் கட்டக் காசில்லை. பிசியோ மிஸ் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து, இருக்கையில் சோக்கட்டியால் முட்டை வடிவில் கோடு போட்டார். மகன் அரிவாள் நுனியைச் சூடாக்கி வெட்டினார். விளிம்பை அரத்தால் தேய்த்து, சைக்கிள் டியூப் சுற்றி, கதிரைக் கால்கள் சறுக்காமல் சீமெந்தில் நான்கு குழி வைக்கச் சொன்னார். சுவரில் பிடிக்க ஒரு கம்பி, நல்ல கைப் பக்கம். ஐயா உட்கார்ந்து பார்த்தார். எழும்பும்போது கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது. ஓட்டை சின்னது. மகன் திரும்பவும் அரிவாளை அடுப்பில் வைக்க, குசினிக்குள்ளிருந்து ஐயாவின் மனைவி எட்டிப் பார்த்து, “நல்லாப் பெரிசா வெட்டு தம்பி, எனக்கும் உதவும்” என்றார்.