மருந்தா, ராச்சுனா?

பூச்சி மருந்து, கொசு மருந்து, எலி மருந்து, எறும்பு மருந்து. காய்ச்சல் வந்தால் குடிப்பதும் மருந்து. கரப்பான் பூச்சி வந்தால் அடிப்பதும் மருந்து. இந்த விஷயத்தில் மலாய் மொழியும் நம் கட்சிதான். கொசுவர்த்திச் சுருளை ‘உபாட் ஞாமோக்’ என்கிறார்கள். துணி அலமாரியில் போடும் வெள்ளை உருண்டைக்கு ‘உபாட் கெகாட்’ என்று பெயர். உபாட் என்றாலும் மருந்துதான்.

ஆனால், கடையில் வாங்கிய அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள். ‘எல்.ஆர்.எம்.பி.’ என்ற எழுத்துகளோடு ஒரு பதிவு எண் இருக்கும். ‘லெம்பாகா ராச்சுன் மக்லோக் பெரோசாக்’ என்பதன் சுருக்கம் அது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியத்தின் பெயர். ராச்சுன் என்றால் நஞ்சு. நாம் மருந்து என்று கூப்பிடுவதைச் சட்டம் அதன் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறது.

வானொலியில் பேசுவது என் தொழில். எந்தச் சொல்லை எங்கே அழுத்துவது என்பதே நாள் முழுக்க வேலை. இந்த ஒரு சொல்லின் கனம் எனக்குப் புரிந்தது மகன் பிறந்த பிறகு.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஒரு சோதனை செய்வார்கள். ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சிவப்பணுக்களைச் சில இரசாயனங்களிடமிருந்து காப்பாற்றுவது இந்த நொதிதான். அது குறைவாக இருந்தால், சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. குழந்தை நன்றாகவே வளரும். ஆகாத பொருள் ஒன்று உடலுக்குள் போனால்தான் சிக்கல். சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். முகம் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். தாய்வழியாக வரும் குறைபாடு இது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும்.

எங்கள் மகனுக்கு அந்தக் குறைபாடு இருந்தது. தாதி நிதானமாக உட்கார்ந்து ஆகாதவற்றை வரிசையாகச் சொன்னார். சில மாத்திரைகள், ஃபாவா பீன்ஸ், கேட்காமல் கொடுக்கும் நாட்டு மருந்துகள். பட்டியலில் அவர் இரண்டு முறை சொன்னது உபாட் கெகாட்டைத்தான். பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று நாம் சொல்லும் நாஃப்தலீன்.

வீட்டில் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

என் கணவர் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், பின்னிய தொப்பி, தூளி கட்டிய பச்சைச் சேலை, எல்லாம் அதில் இருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பூச்சி அரிக்காமல், ஒரு நூல்கூடப் பிரியாமல் காத்து வைத்திருந்தார். தோட்டத்து லயத்திலிருந்து கிள்ளான் தாமான் வீட்டுக்கு வந்தபோது பாத்திரங்களில் பாதியை விட்டு வந்தவர், இந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பெட்டியின் நான்கு மூலைகளிலும் கைநிறைய வெள்ளை உருண்டைகள். திறந்ததுமே மணம் கூடம் வரை வந்தது.

நாஃப்தலீன் உருகித் தண்ணீராவதில்லை. கட்டியிலிருந்து நேராக ஆவியாகிறது. உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போவது அதனால்தான். அந்த மணமே அந்த நஞ்சு. மூக்கில் ஏறும்போது நுரையீரலுக்கும் போகிறது. துணியில் ஊறி, அந்தத் துணி பட்ட தோலுக்கும் போகிறது. நாஃப்தலீனில் வைத்திருந்த துணியையும் போர்வையையும் பயன்படுத்தியதால் பச்சிளங்குழந்தைகளுக்குச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? “உங்கள் பாசத்தில் விஷம் இருக்கிறது” என்பது போல ஆகிவிடாதா? என் கணவர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். நான்தான் தாதி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“இதே தூளியிலதாம்மா உன் புருஷன் தூங்கினான். அவனுக்கு என்ன ஆச்சு?” என்றார் அத்தை. நியாயமான கேள்வி. “அவருக்கு அந்த நொதி இருந்தது அத்தை. இவனுக்கு இல்லை” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், தன் விரல் நகங்களைப் பார்த்தபடி சொன்னார். “தோட்டத்துல நான் ஆறு வருஷம் மருந்து அடிச்சேன். அதையும் மருந்துன்னுதான் சொன்னாங்க.”

செம்பனை மரங்களின் அடியில் களைக்கு அடிக்கும் வேலை. முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு, கையுறை கிடையாது. பெரட்டு முடிந்து தண்ணீர் கலக்கும் இடத்தில் வரிசையாக நிற்பது பெரும்பாலும் பெண்கள். அத்தைக்கு நகங்கள் கறுத்து உரிந்திருக்கின்றன. மூக்கில் இரத்தம் வந்திருக்கிறது. “அது மருந்து ஏறுது, சரியாயிடும்” என்று சொன்னார்களாம். அத்தையின் கதை ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் தெளிப்பு வேலை செய்த பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அதற்குள் ஒரு தலைமுறையே அதை முதுகில் சுமந்து முடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தையே பெட்டியை மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, வெளிக்கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போய் ஒரு புதுப் பருத்திச் சேலை வாங்கி வந்தார். தூளிக்கு அதையும் பச்சையாகத்தான் எடுத்திருந்தார்.

துணி விஷயம் முடிந்தது. சமையலறை பாக்கி இருந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது சின்ன வகைக் கரப்பான். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். சாக்கடையிலிருந்து பறந்து வந்து நம்மை நாற்காலியில் ஏற்றுகிற பெரியது வேறு. சின்னதன் பெயர் ‘ஜெர்மன் கரப்பான்’. 1767இல் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனால் 17 நாடுகளில் பிடித்த 281 கரப்பான்களின் மரபணுவை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. இதன் பூர்வீகம் இந்தியா அல்லது மியன்மார். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் மனித வீடுகளுக்குள் குடிவந்தது. நமக்கு முன்னால் கப்பலேறிய ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரரை ஸ்பிரே அடித்து ஒழிப்பது கடினம். ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள். ஸ்பிரே கண்ணில் படுவதைக் கொல்லும். மற்றவை இடுக்குகளில் சிதறும். வழக்கமான ஸ்பிரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சுக்குப் பல நாடுகளில் இவை பழகிவிட்டன. சர்க்கரை கலந்த பொறியைத் தொடாத கரப்பான்கள்கூட உண்டு. அவற்றுக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்பதை 2013இல் கண்டுபிடித்தார்கள். ஸ்பிரே வாடை வந்ததும் ‘வீடு சுத்தமாகிவிட்டது’ என்று நிம்மதி வருகிறதே, அது நமக்கு வரும் நிம்மதி. தெளித்தது தரையில் படியும். அந்தத் தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கப்போவது யார்?

அதனால் முதலில் தண்ணீரை நிறுத்தினோம். இந்தக் கரப்பான் உணவில்லாமல் ஒரு மாதம் தாங்கும்; தண்ணீரில்லாமல் சுமார் இரண்டு வாரம்தான். இரவு படுக்கும் முன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் ஒற்றித் துடைப்பது, ஈரத் துணியைப் பிழிந்து வெளியே காயப்போடுவது, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். நாங்கள் செய்ததில் அதிகம் பலித்தது இதுதான்.

அடுத்தது இடம். குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையை சிலிக்கோன் பூசி அடைத்தோம். பழைய அட்டைப்பெட்டிகளையும் கட்டிவைத்த நாளிதழ்களையும் வெளியேற்றினோம். பிறகு நஞ்சில்லாத ஒட்டுப்பொறியை நான்கு இடங்களில் வைத்தோம். எதில் அதிகம் விழுந்தனவோ, அங்கேதான் கூடு. எங்கள் வீட்டில் அது கேஸ் தோம்புக்குப் பின்னால்.

கடைசியாகத்தான் ஜெல். அரிசி அளவு பொட்டு, கேபினட் கீல்களின் உள்பக்கம், குழந்தையின் கை எட்டாத உயரத்தில். தின்ற கரப்பான் கூட்டுக்குப் போய்ச் செத்தால், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக்கூடாது. வாடைக்குக் கரப்பான் கிட்டவே வராது. இதுவும் ராச்சுன்தான், சந்தேகமில்லை. வீடு முழுக்கத் தெளிப்பதும் பத்துப் பொட்டு வைப்பதும் ஒன்றாகாது என்பதுதான் கணக்கு.

வாங்கும்போது லேபிளில் இருக்கும் வண்ணப் பட்டையைப் பாருங்கள். மலேசியாவில் கறுப்பும் சிவப்பும் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், வெள்ளை. கறுப்புக்கும் சிவப்புக்கும் வீட்டில் வேலையே இல்லை. இரவுச் சந்தையில் பதிவு எண் இல்லாமல் விற்கும் எறும்புச் சாக்கட்டியை வாங்காதீர்கள். பள்ளிக்கூடச் சாக்குக்கும் அதற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. எந்த நஞ்சையும் மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பாச்சை உருண்டைக்குப் பதில் கற்பூரம் போடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரை போகும். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் அந்த டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாகச் செயல்பட முடியும்.

கரப்பான் முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும்; அவற்றுக்கு அத்தையின் செருப்பு போதும். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, “என்ன மருந்து அடிச்சீங்க?” என்று கேட்டால், “மருந்து எல்லாம் ஒண்ணும் இல்ல. ராத்திரியில தொட்டியைத் துடைச்சிட்டுப் படு” என்கிறார் அத்தை.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அல்லது வரப்போகிறது என்றால், அலமாரியைத் திறந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். அந்த மணம் வந்தால், குழந்தையின் துணியை அங்கே வைக்காதீர்கள். ஜி6பிடி சோதனையின் முடிவு என்ன என்பதைப் பாட்டி, தாத்தா, பராமரிப்பாளர் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். அவர்கள் கையில்தானே பிள்ளையை விட்டுவிட்டு நாம் வேலைக்குப் போகிறோம்.