எங்க ஊர் கேரவனும் ஒரு சோலார் போர்வையும்

கேரவன் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் நடக்கும் இடத்தில் ஏசி ஓட நிற்கும் நடிகர்களின் வண்டி. கொஞ்சம் விவரமானவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் ரிட்டையர் ஆன தாத்தா பாட்டிகள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஞாபகம் வரலாம். பக்கத்துக் கேரளாவில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தார்கள்.

ஆனால் மக்களே, வண்டியிலேயே குடித்தனம் நடத்துவதில் எங்கள் நாமக்கல், சேலம் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, அதாவது போர் போடும் வண்டி. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு காட்டில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். துளை போடும் இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று, ராடும் டீசலும் சாமான்செட்டும் ஏற்றிய சப்போர்ட் லாரி ஒன்று. கூடவே ஏழெட்டுப் பேர். மாதக்கணக்கில் அவர்களுக்கு வீடு, சமையலறை, படுக்கையறை எல்லாம் அந்த இரண்டு லாரிகள்தான்.

என் மாமா ஒருவர் அப்படி ஒரு வண்டியில் டிரில்லர். அவருடன் இருப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, சத்தீஸ்கர் பையன்கள். ஒரு நாள் மாமாவுக்கு அத்தை நாலு தடவை போன் போட்டும் 'ஸ்விட்ச் ஆஃப்'. மறுநாள் லைனில் வந்தவர் சொன்னது இது: "மழ மாப்ள... மூணு நாளா வண்டி நிக்குது. ஊருக்குள்ள டீக்கடைல சார்ஜ் போடக் குடுத்தேன். ஒரு ஆளு ரெண்டு ஆளுன்னா பரவால்ல, எட்டுப் பேரும் போயி நின்னா அவனுக்கும் மூஞ்சி சுளிக்குதுல்ல?"

இங்கே ஒரு கேள்வி வரும். அவ்வளவு பெரிய இன்ஜின் இருக்கும்போது செல்போனுக்கு கரண்ட் இல்லையா? இன்ஜின் ஓடும்போது இருக்கும். ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான லிட்டர் டீசலைக் குடிக்கிற வண்டி அது. சிக்கல் எல்லாம் வேலை இல்லாத நாளில்தான். மழை, அடுத்த பாயிண்ட்டுக்காக ஏஜெண்ட் போனுக்குக் காத்திருப்பது, ஸ்பேர் பார்ட்ஸ் வராதது... அந்த நாட்களில் இன்ஜின் ஓடாது. லாரி பேட்டரியில் ஃபேனும் லைட்டும் போட்டால் மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதானே வீட்டு ஞாபகம் அதிகமாக வரும்? சார்ஜ் இல்லாததும் அப்போதுதான்.

நான் படிப்பது டிரிபிள்ஈ, மூன்றாம் வருடம். மாமாவிடம் பேசியபின் இந்த ஆஸ்திரேலிய கேரவன்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். அவர்கள் பயன்படுத்துவதில் ஒன்று சோலார் போர்வை. துணியில் தைத்த சோலார் தகடுகள். சமுக்காளம் மாதிரி மடித்து வைக்கலாம், விரித்தால் 100, 150, 200 வாட் என்று கிடைக்கும். வண்டிக்கு மேலே நிரந்தரமாகப் பேனல் மாட்டுவதை விட இது ரிக் வண்டிக்குப் பொருத்தம். ஏனென்றால் ரிக் லாரியின் தலைக்கு மேல் மாஸ்ட் படுத்திருக்கும், சப்போர்ட் லாரியில் ராடு அடுக்கியிருக்கும். பேனலுக்கு இடமே இல்லை. தவிர, ஆட்கள் வண்டியை வேப்பமர நிழலில்தான் நிறுத்துவார்கள். போர்வையை மட்டும் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் விரித்துக்கொள்ளலாம். ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி சரிந்துவிடும். செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று படுத்தால் மற்றவையும் சேர்ந்து படுக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு செல்போனை முழுதாக ஏற்ற, வழியில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி. எட்டு போனுக்கு 200. ஐந்து வாட் எல்இடி பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம்: 50. பதினைந்து வாட் டிசி ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரம்: 240. மொத்தம் 490. 150 வாட் போர்வை, நல்ல வெயில் ஐந்து மணி நேரம், அதில் 30 சதவீதம் வீண் என்று கழித்தால் 525. ஆக, 150 வாட் போதும். இதற்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதாவது 600 வாட்-மணி. அதற்கு மேல் உறிஞ்சினால் ஆயுசு குறையும். மேகம் மூடிய நாளிலும் போர்வை கொஞ்சம் தரும். ஆனால் அன்றைக்கு ஃபேனை நிறுத்திவிட்டு போனை மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி சார்ஜ் கன்ட்ரோலர். "அதெதுக்கு, நேரா பேட்டரில மாட்டுனா ஏறாதா?" என்றார் மாமா. ஏறும். நிறுத்தத் தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் பேனல் என்று பேர்தானே ஒழிய, சும்மா இருக்கும்போது 21 வோல்ட் காட்டும். பேட்டரிக்கோ 14.4 வோல்ட் தாண்டினால் தண்ணீர் கொதித்து வற்ற ஆரம்பிக்கும். வாய்க்காலுக்கு மதகு மாதிரி இடையில் நின்று திறந்து மூடுவதுதான் கன்ட்ரோலரின் வேலை. பேட்டரி ரொம்ப இறங்கினால் லைட்டையும் ஃபேனையும் தானாகவே துண்டித்துவிடும்.

இதில் இரண்டு வகை. பிடபிள்யூஎம் மலிவு, எம்பிபிடி விலை அதிகம். எல்லோரும் எம்பிபிடிதான் உசத்தி என்பார்கள். ஊட்டிக் குளிரில் சரி. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் பேனல் 65 டிகிரி வரை சுடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் குறையும். 40 டிகிரிக்கு 14 சதவீதம்! 150 வாட் 129 ஆகிறது. எம்பிபிடி அதில் சுமார் 122-ஐ பேட்டரிக்குக் கொடுக்கும், பிடபிள்யூஎம் சுமார் 112. இந்தப் பத்து வாட்டுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதை விட அதை நல்ல ஒயரில் போடலாம் என்பது என் கட்சி.

ஒயர் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பத்து மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போய் வருவதற்குள் கிட்டத்தட்ட 3 வோல்ட் காலி. சூட்டில் 15.5 வோல்ட்டாகத் தளர்ந்த பேனலில் 3 போனால் 12.5. பேட்டரி நிரம்பவே நிரம்பாது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்தான்.

இன்னும் சில விஷயங்கள், ரிக் வண்டிக்கென்றே:

போர் போடும்போது பறக்கும் கல்மாவு பேனலில் படிந்தால் கதை முடிந்தது. காற்று வீசும் திசை பார்த்து, மாவு வராத பக்கம் விரிக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைக் கோர்த்து 24 வோல்ட். அதில் ஒன்றிலிருந்து மட்டும் ஃபேனுக்கு இழுப்பது பலரும் செய்வது. ஒன்று காய்ந்து, இன்னொன்று பொங்கி, இரண்டும் கெடும். இதற்குத் தனி பேட்டரிதான் நல்லது.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

கேஸ் டேங்கர் ஓட்டும் நாமக்கல் அண்ணன்மார்களே, இந்தச் சொந்த ஒயரிங் வேலை உங்கள் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

"லாரிக்கெல்லாம் இப்ப ஏசியே வந்துருச்சே" என்று ஒரு நண்பன் கேட்டான். உண்மைதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஓட்டும் நேரத்துக்கு வழி பிறந்திருக்கிறது, தூங்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கு அதுவும் இல்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி மாப்ள. போர்வைய வெரிச்சுட்டுத் தூங்குனா காலைல இருக்குமா?" என்றார். நியாயமான கேள்வி! ராத்திரி அதற்கு வேலை இல்லை, மடித்து கேபினில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "யாரு வாங்கறது? மொதலாளிகிட்ட கேட்டா, பிட்டு வாங்கவே காசில்லம்பாரு."

சுற்றுலா போகிறவனுக்கு ராத்திரி ஃபேன் சுற்றுவது சொகுசு. பகலெல்லாம் ஹேமர் சத்தத்தில் நின்று, அடுத்த நாளும் சுழலும் ராடுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனுக்குத் தூக்கம் என்பது பாதுகாப்பு. தூக்கம் கெட்டவன் கை எங்கே போகும் என்று எந்த டிரில்லரைக் கேட்டாலும் சொல்வார். ஹேமர், பிட், டீசல் என்று எழுதுகிற செலவு நோட்டில் இதையும் ஒரு வரியாக எழுதினால் என்ன? ஆஸ்திரேலியத் தாத்தா பொழுதுபோக்குக்கு வாங்குகிற சாமான், எங்க ஊர் வண்டியில் எட்டுப் பேரை ஒழுங்காகத் தூங்க வைக்கும், டீக்கடையில் கெஞ்சாமல் ஒடிசாவிலிருக்கும் அம்மாவிடம் பேச வைக்கும்.

ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். ஒயரிங் செய்து தர நான் ரெடி, கூலி வேண்டாம், ஒரு பிரியாணி போதும் :-)