விழாவுக்குரிய உடை

மாலை விழாக்களுக்கு நான் வேட்டி உடுத்தியே செல்வேன். 'இது விழாவுக்கு ஏற்ற உடையா?' என மாணவர் சிலர் வினவுவதுண்டு.

ஸ்காட்லாந்து ஆடவர் மாலை விருந்துகளுக்குக் கில்ட் என்னும் மடிப்புடை அணிவர். முழங்கால்வரை நீளும் அக்கட்டமிட்ட கம்பளி உடையுடன் கறுப்பு மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்தால், அதுவே அங்கு உயரிய விழாக்கோலம். ஆயினும், ஒரு கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானிய அரசு, படைவீரர் தவிர ஏனையோர் அதனை அணியலாகாது என 1746இல் சட்டம் இயற்றியது. மீறியோர்க்கு ஆறு மாதச் சிறை! 1782இல்தான் அத்தடை நீங்கியது.

வேட்டியும் தடையைச் சந்தித்தது. சென்னையில் 2014இல், கிரிக்கெட் மன்றம் ஒன்றில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியுடன் வந்த நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய தடைகளை நீக்கித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது.

மாணவர்களே, உங்கள் தந்தையார் வேட்டியில் விழாவுக்கு வந்தால் நாணாதீர்கள். பெருமையுடன் அவர் அருகில் அமருங்கள்.